ஞாயிற்றுக்கிழமை கேமரா

போடியில் அன்று பிரசங்கம் நீளும் என்று வினோத்ராஜுக்குத் தெரியும். வெளியூர்ப் போதகர் வந்திருந்தார். ஞானதுரை மாமாவும் அத்தையும் இப்போதைக்கு எழுந்து வர மாட்டார்கள்.

மாமா வீட்டுக்குப் பின்னால்தான் ஏலக்காய் குடோன். அங்கே வேலை பார்க்கும் அவனிடமே சாவியும் இருந்தது. நல்ல பச்சைக் காய் ஒரு மூட்டையைக் கம்பம் சந்தையில் தள்ளிவிட்டால், தேனியில் சொந்தக் கடைக்கு முன்பணம் ஆயிற்று. காலமெல்லாம் மாமாவிடம் "ஏலே" வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

இடைஞ்சல் ஒரு கேமரா. குடோனின் தனிக் கரண்டு லைனில் அதை மாட்டியவனும் அவன்தான். மெமரி கார்டு வாங்க மாமாவுக்கு மனசு வரவில்லை; படம் வீட்டு வைஃபை வழியாக நேரே மாமாவின் போனுக்குப் போகும்.

வினோத்ராஜ் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டான். வீட்டு வைஃபையின் பெயர், அதே பாஸ்வேர்டு. கேமரா பக்கத்தில் இருக்கும் போனைத்தான் பிடிக்கும். போனில் டேட்டாவை அணைத்தாயிற்று. ஹாட்ஸ்பாட் போட்டால் போனின் வைஃபையும் அறுந்துவிடும். உள்ளே இருப்பது ஒரே ரேடியோ. ஒரு சானலில் வாங்கிக்கொண்டே இன்னொரு சானலில் கொடுக்க அதற்கு வராது. பழைய போனில் பலமுறை பார்த்திருக்கிறான். கேமரா இவனைப் பார்க்கும். யாரிடமும் சொல்ல முடியாது.

மினுங்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. கேமரா அவன் போனைப் பிடித்துக்கொண்டது. அவன் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனான்.

மூட்டையைப் பைக்கில் கட்டி நிமிர்ந்தபோது எதிரே மாமா நின்றார், கையில் பைபிளோடு. பின்னால் கிருபாவதி அத்தை.

"ஏலே, மூட்டைய அங்கனயே இறக்கு."

"காய் ஈரமா இருந்துச்சு மாமா. காயப்போடலாம்னு..."

"பைக்குலயாலே காயப்போடுவாக?"

மாமா தன் போனை நீட்டினார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் வினோத்ராஜ். பல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"பிரசங்கத்துல போனை நோண்டாதீகன்னேன், கேக்க மாட்டாக" என்றாள் அத்தை. "இன்னைக்கு அதுவும் நல்லதாப் போச்சு."

வினோத்ராஜ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். போன வாரம் வாங்கியது. மேலே ஹாட்ஸ்பாட் குறி. அதன் பக்கத்திலேயே வைஃபை குறி: காலையில் பப்ஸ் தின்ற பக்கத்துப் பேக்கரியுடையது. இரண்டும் எரிந்தன. இந்தப் போனின் ஒரே ரேடியோ, இமைக்கும் நேரத்தில் இரண்டு சானலுக்கும் மாறி மாறித் தாவி, பேக்கரியில் வாங்கிக் கேமராவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மாமா மட்டும் இன்னும் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதாம்லே வெளங்கல. சர்ச்சுக்குக் கெளம்பும்போது உங்க அத்தை வீட்டு மெயினை அணைச்சிட்டுத்தான் வருவா, வைஃபையும் செத்துரும். இத்தனை ஞாயித்துக்கிழமையில இந்தக் கேமரால ஒரு நாள்கூடப் படம் வந்ததில்லையே!"