வேலியை நகர்த்திய கீரி

காட்டில் மழைக்காலம் முடிந்துவிட்டால் எந்த மட்டைப்பந்து ஆட்டக்காரரும் எந்த அணிக்கும் போகலாம். அணித்தலைவர் கீரி, பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிடும் பக்கத்து அணிக் கிடாவை ஆசைகாட்டி இழுத்துக்கொண்டது. தன் பெரிய மைதானம் முழுக்க ஓடி ஓடிப் பந்து பிடித்த முயலிடம், "தம்பி, நீ வேற அணி பாத்துக்கோ" என்றது. முயல் கிடாவின் பழைய அணிக்கே போனது.

முதல் ஆட்டம் அந்த அணியோடுதான். கிடா ஓங்கி அடித்த பந்து வேலிக்கு இருபது அடி முன்னாலேயே இறங்க, முயல் ஓடிவந்து பிடித்தது.

"எங்க சின்ன மைதானத்துல இது தாண்டியிருக்கும்ண்ணே" என்று முனகியது கிடா.

கீரி விடுமா? அன்று மாலையே வேலியைப் பிடுங்கி முப்பது அடி உள்ளே நட்டது.

அதே அணியோடு நடந்த மறு ஆட்டத்தில் கிடா அடித்த பந்து ஜோராக வேலியைத் தாண்டியது. கீரி துள்ளிக் குதித்தது.

பிறகு முயல் மட்டையை எடுத்தது. பிறந்ததிலிருந்து அது வேலியைத் தாண்டி அடித்ததே இல்லை. அன்று நாலு முறை அடித்தது.