நூற்று மூன்று

வீட்டில் இருக்கும் ஒரே மேசை விசிறி, மூடி கழற்றிய கணினியின் வயிற்றுக்குள் காற்றடிக்கிறது. அந்தக் காற்றுக்கு உரிய என் மனைவி, வேலை முடிந்து வந்த களைப்போடு, மதர்போர்டு கையேட்டால் விசிறிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருக்கிறாள். ஆறு மணிக்குள் மகளின் நான்கு கட்டிடப் படங்களை இந்தக் கணினி தீட்டி முடித்து, அவை கல்லூரிக்குப் போயாக வேண்டும். கணினி மெதுவாக ஓடுகிறது என்று மகள் முனகியதற்கு, "அப்பா இருக்கேன்ல?" என்று காலையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவன் நான்தான். மொத்தக் கணினியையும் முடுக்கும் மதர்போர்டின் பஸ் வேகத்தை நூறிலிருந்து நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏற்றினேன். நீலத் திரை காட்டிக் கணினி படுத்துவிட்டது. அப்புறம் நூற்று ஒன்பது, ஏழு, ஐந்து என்று, வயசாக ஆக என் வீராப்பு இறங்குகிற மாதிரி இறங்கி, இப்போது நூற்று மூன்றில் சோதனை ஓட்டம் ஒரு மணி நேரமாகத் தாக்குப் பிடிக்கிறது.

"மூணு கூட்டவா இத்தனை நேரம்?" என்கிறாள் மனைவி, கண் திறக்காமல்.

"சும்மா விட்டிருந்தா இந்நேரம் படமே முடிஞ்சிருக்கும்பா," என்கிறாள் மகள். மனசுக்குள் கணக்குப் போடுகிறேன். முடிந்துதான் இருக்கும்.

திரை மறுபடி நீலமாகிறது. நூறுக்கே இறக்கி, மூடியை மாட்டி, விசிறியை மனைவி பக்கம் திருப்புகிறேன். முதல் படம் கோடு கோடாக நிரம்பத் தொடங்குகிறது.

"ஆறுக்குள்ள மூணு வந்துடும்பா. மூணு போதும்," என்கிறாள் மகள், என் முகத்தைப் பார்க்காமல்.

தூங்கிவிட்ட மனைவியின் மடியில் காற்று கையேட்டைப் புரட்டுகிறது, நான் படிக்காமல் விட்ட பக்கங்களை, ஒவ்வொன்றாக.