முதல் கடை

கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று முடிவு செய்த செண்பகவல்லி, கடைக்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்று வீட்டிலேயே பேசிப் பழகினாள். கணவன் பிரான்சிஸ்தான் கடைக்காரர். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லும்மா, என்ன விசயம்?" என்பான்.

"வணக்கம் அண்ணாச்சி" என்று தொடங்குவாள். அந்த இடத்திலேயே குரல் இடறும்.

"சார்னு சொல்லேன்" என்றான் ஒருநாள்.

"அங்கல்லாம் சார்னு சொல்ல முடியாது."

எந்தக் கடையைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு பேசாத அவளுடைய அண்ணன், கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை, மற்ற கடைகளையெல்லாம் தாண்டி முதலில் அங்கேதான் போனாள். அண்ணன் ஏறிட்டுப் பார்த்தார். உடனே குனிந்து ஒரு குத்துவிளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். காதோரம் நன்றாக நரைத்திருந்தது.

"வணக்கம் அண்ணாச்சி" என்றாள். பழகி வைத்திருந்ததையெல்லாம் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். தன் பேரை மட்டும் சொல்லவில்லை.

கடையில் வேறு யாரும் இல்லை. துடைக்கும் துணி எப்போதோ நின்றிருந்தது.

"சரியாக் கேக்கல" என்றார் அண்ணன், குனிந்தபடியே. "இன்னொரு தடவ முதல்லேருந்து சொல்லு."