மெத்தோதியா கை போணி

வெளியே அத்தனை பேர் கால் கடுக்க நிற்க, கடைக் கதவைத் திறக்கவே மாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்திருந்தாள் ரிஸ்தானா. மெல்லிய மாவில் இறைச்சியைப் பொதிந்து சுட்ட பூரெக், அடுப்பிலிருந்து இறக்கிய தட்டுகளில் ஆவி பறக்க இருந்தது. இறைச்சியும் வெங்காயமும் சேர்ந்து வெந்த வாசனை கதவிடுக்கு வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பின்வாசல் வழியாக வந்திருந்த கோச்சோவுக்கு நல்ல பசி. பிதோலா நகர வானொலிக்காரன் அவன். ஊரில் சொந்தத் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர்களிடம் "உங்க வெற்றிக்கு யார் காரணம்?" என்று கேட்டு வாங்கி வருவது, இந்த மாதம் அவன் தலையில் விழுந்த வேலை.

"பல் டாக்டர், பொண்டாட்டிதான் காரணம்னார். அந்தம்மா பக்கத்துலயே நின்னாங்க. வக்கீல், உழைப்புன்னார். பேட்டிக்கு எழுந்து வந்ததே மத்தியானம். நீங்களாவது புதுசா ஏதாவது சொல்லுங்கக்கா. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

"எனக்குப் பேசவே தெம்பில்ல தம்பி. இருட்டுல ஆரம்பிச்சு மாவு இழுத்துக்கிட்டிருக்கேன்." ரிஸ்தானா மணிக்கட்டைப் பிசைந்துகொண்டாள். "உழைப்பாம் உழைப்பு. உழைக்காதவ யாரு? எனக்குக் காரணம் ஒரு கை. மெத்தோதியா மாமா கை."

கடை போட்ட முதல் வருஷம் முழுக்க ஈ ஓட்டினாளாம். சுட்டதில் பாதி தெருநாய்க்குத்தான் போனது. ஒருநாள் காலையில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மெத்தோதியா முதல் ஆளாக வந்து ஒரு துண்டு வாங்கினார். மத்தியானத்துக்குள் தட்டெல்லாம் காலி.

"அன்னிக்குச் சந்தை நாளாக்கா?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ? மறுநாள்லேருந்து அவர் கையால போணி ஆகாம இந்தக் கதவு திறந்ததில்ல. பதினோரு வருஷம். ஒருநாள்கூட மிஞ்சினதில்ல."

மாவு ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு அவரோட கடைசிப் போணி. மத்தியானம் பஸ் ஏறி ஓஹ்ரிட்ல மக வீட்டோட போயிடறார். நாளைக்கு யார் கைன்னு தெரியல. மறுபடியும் ஈ ஓட்ட என்னால முடியாது தம்பி. இன்னியோட கடையை மூடிடலாமான்னு இருக்கு."

கோச்சோ கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். எதிர்ப்பக்க பெஞ்சில், மேல்கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"அவரா?"

"அவரேதான். முழங்கால் வலி, பாவம். வீட்டு வாசல்லேருந்து இங்க வர்றதுக்குள்ள அங்க உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பனி கொட்டுனாலும் அப்படித்தான்."

"கூப்பிட்டா வந்துடுவாரே. சனங்க பாவம் நிக்குது."

"ராசிக்காரரைக் கூப்பிடக் கூடாது. அவரா வரணும்."

டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. இறங்கிய ஒருவர் வரிசையின் வால் பக்கம் போய், "என்ன வரிசைங்க இது?" என்று கேட்டது உள்ளே வரை கேட்டது.

"பூரெக்காம். நானே இப்பதான் வந்தேன். இத்தனை பேர் நிக்கிறாங்கன்னா சும்மாவா? நில்லுங்க."

அவரும் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து சேர, வரிசை மருந்துக்கடையைத் தாண்டி வளைந்தது. மெத்தோதியா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெதுவாகத் தெருவைக் கடந்தார்.

ரிஸ்தானா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவர் கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றி, தராசுக்கு அடியில் வைத்தாள்.

கோச்சோ ஒலிவாங்கியை நீட்டினான். "உங்க கையில அப்படி என்ன இருக்கு மாமா?"

"வாதம் இருக்கு." அலுப்போடு சொல்லிவிட்டு, வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணை உள்ளே கூப்பிட்டார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஸ்லாவ்யங்கா. "அழாதே ரிஸ்தானா. நாளையிலேருந்து இவ வருவா. இவளுக்கும் ராசியான கை. நான் பார்த்துட்டேன்."

ரிஸ்தானா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி குத்திக் காய்த்துப்போன கை. நம்பிக்கை வந்ததோ என்னவோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரி மாமா. கடையை மூடல," என்றாள்.

"நான் இருக்கேன்டி," என்று ஸ்லாவ்யங்கா அவள் தோளில் தட்டினாள். "நாளைக்கு நீ அடுப்பு மூட்டுறதுக்குள்ள வாசல்ல நிக்கிறேன் பாரு."

அதற்குள் கூட்டம் உள்ளே நெருக்கியடித்தது. ரிஸ்தானா கத்தியை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டாள். இனி அவளுக்கு எதுவும் காதில் விழாது.

மெத்தோதியா ஸ்லாவ்யங்காவை வாசல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கெடுத்தே காரியத்தை. கையில ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று குரலைத் தாழ்த்தினார்.

"வரிசை மருந்துக்கடையைத் தாண்டுற வரைக்கும் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காதே."