மைனஸ் பக்கத்தில் ஓர் இடம்

இன்றைக்கும் கணக்கு டீச்சர் மைனஸ் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தார்.

மைனஸ் என்பது ஜன்னலோர பெஞ்சுக்காரியின் பட்டப்பெயர். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் பாதி வழியில் மைனஸ் குறியைத் தொலைத்துவிட்டு முழிப்பாள்.

டீச்சருக்கென்று சில சட்டங்கள் உண்டு. வகுப்புக்கு ரப்பர் கொண்டுவரக் கூடாது. தப்பை அழிக்கக் கூடாது, ஒரே கோடாகப் போட்டு அடிக்க வேண்டும். எந்த வரியையும் தாவக் கூடாது. வீட்டில் தினமும் நாலு கணக்காவது வாய்விட்டுச் சொல்லிப் போட வேண்டும்.

இன்னொரு சட்டம்தான் எனக்கு ஆகாது. தப்பாகப் போட்டவர் பக்கத்தில் டீச்சர் வந்து உட்காருவார். சரியாகப் போட்டவருக்கு ஒரு டிக், அடுத்த கணக்கு. அவ்வளவுதான்.

எனக்கு வருஷம் பூராவும் டிக்.

மைனஸ் நகர்ந்து இடம் கொடுத்தாள். டீச்சர் அவள் பேனாவையே வாங்கி, ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டுப் போட்டார். தொலைந்த குறியைத் தானே கண்டுபிடித்ததும் மைனஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் சிரித்தார். அவள் முதுகில் செல்லமாக ஒரு தட்டு வேறு.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிரிப்பும் அந்தக் குரலும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகும். தீர்வதற்குள் கொஞ்சமாவது எனக்கு வேண்டும்.

அடுத்த கணக்கில், மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் வர வேண்டும். நான் போடவில்லை. விடை கன்னாபின்னாவென்று வந்தது. பார்க்கவே சகிக்கவில்லை.

பெஞ்சில் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தேன்.

டீச்சர் வந்தார். சிவப்புப் பேனா மூன்றாவது வரியில் நின்றது. பிறகு நோட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

உட்காரவில்லை. அந்த வரிக்கு அடியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுபடி மைனஸிடமே போய்விட்டார்.

பையை எடுத்துக் காலி இடத்தில் வைத்தேன். மைனஸ் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பெண்தான். அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது.

கடைசி மணி அடித்து எல்லோரும் கலைந்த பிறகு, திருத்த வேண்டிய நோட்டுக் கட்டோடு டீச்சர் கிளம்பினார். வழக்கம்போல நான் கொஞ்சம் பின்னால் நடந்தேன். கேட்டைத் தாண்டியதும் நின்று, என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"ஏன்டி, அந்த மைனஸ வேணும்னேதானே விட்ட?"

டீச்சருக்குத் தொண்டை கம்மி, பாதி காற்றுதான் வந்தது. ஐந்து வகுப்புக்கு வாரி இறைத்த மிச்சம். இனி வீட்டில் வெந்நீரும் சைகையும்தான்.

பெற்ற மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. அதனால் கேட்டுக்கு உள்ளே டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் இந்தப் பள்ளியில் சேர்ந்த அன்றைக்கே போட்ட சட்டம் அது.

ஒருமுறை திரும்பி கேட்டைப் பார்த்துக்கொண்டேன். தாண்டித்தான் இருந்தோம்.

"ஆமாம்மா" என்றேன்.

அம்மா பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, என் பையையும் நோட்டுக் கட்டையும் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.