ஒற்றை மெஷினின் சத்தம்

காலர் தைக்கும் வரிசையில் ஒரு மெஷின் நிற்கிறது. அதன் பக்கத்து மெஷினும் நிற்கிறது. பிறகு எதிர்வரிசையில் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. புதிதாகச் சேர்ந்த பெண் மிதியிலிருந்து காலை எடுக்காமலே நிமிர்கிறாள். அவ்வளவு பெரிய கூடத்தில் அவள் ஊசியின் படபடப்பு மட்டும் கேட்கிறது. அவள் முடித்த காலர்கள் மற்றவர்களுடையதைவிட உயரமாகக் குவிந்திருக்கின்றன. காலையில் சூப்பர்வைசர் அந்தக் குவியலைக் காட்டி, "இவளால முடியுது, உங்களுக்கு என்ன கேடு?" என்று எல்லோரையும் கேட்டிருந்தார். "கரண்ட் போயிடுச்சா அண்ணி?" என்கிறாள். பக்கத்து இருக்கையில் இருக்கும் அண்ணிதான் இந்த வேலையை வாங்கித் தந்தவள். அவள் தலையைத் தூக்கவில்லை. "உன் மெஷின் ஓடுதுல்ல." "வேகமா தைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே அண்ணி." "யாரும் சொல்ல மாட்டாங்க." ஒருவரும் முறைக்கவில்லை, முறைத்தால்கூடத் தேவலை. எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசர் எழுந்திருக்கிறார். மேஜைக்கு அடியில் அண்ணியின் கை நீண்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை அவள் மடியில் வைக்கிறது. தன் குவியலின் மேலிருந்த காலரை எடுத்து, ஒரு குறையும் இல்லாத தையலை அவள் அறுக்கத் தொடங்குகிறாள். பின்னால் ஒரு மெஷின் ஓடுகிறது. இன்னொன்றும். சூப்பர்வைசர் அருகில் வரும்போது கூடமே இரைகிறது. அவள் மெஷின் மட்டும் நிற்கிறது. "என்னம்மா ஆச்சு?" கத்தியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் தப்பா தச்சிட்டேன் சார்."