கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும்

பெங்களூரிலிருந்து தரச் சோதனைக்கு வந்திருந்த திம்மப்பன் டீயைத் தொடவே இல்லை. டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, கைப்பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்தார்.

ஓசூர் கம்பெனியின் மானேஜர் ராஜப்பனுக்கு ஏப்ரல் வெயிலையும் மீறி வியர்த்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த முனிலட்சுமிக்கு அதைவிட அதிகமாக.

ஷிஃப்டுக்கு ஒருமுறை, மெஷினில் கடைந்தெடுக்கும் ஷாஃப்டை அளந்து கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஜனவரியிலிருந்து ஒருவரும் அளக்கவில்லை. மூன்று நாளைக்கு முன்னால்தான் ராஜப்பனுக்கு அது ஞாபகம் வந்தது.

"மூணு மாச அளவும் உள்ள ஏறணும்மா. சோதனைக்கு வர்றவரு கண்டுபிடிச்சா நீதான் தப்புப் பண்ணுனன்னு சொல்லிப்புடுவேன். பர்மனென்ட் ஆர்டர் வேணுமா, வேண்டாமா?"

புரோகிராம் முனிலட்சுமி எழுதியதுதான். அளவுக் கட்டத்தில் எண்ணைத் தவிர எதைத் தட்டினாலும் கத்தும். மெஷின் ஓட்டும் கோவிந்தப்பன், "சரியா இருக்குதுன்னு போட்டுக்கம்மா" என்றார். போட்டாள், கத்தியது. இருபத்தைந்து என்று தட்டியதும் வாயை மூடிக்கொண்டது. எண்ணா என்று பார்க்கும். உண்மையா என்று கேட்காது.

பதிந்த தேதியையும் நேரத்தையும் மட்டும் யாரும் தட்ட முடியாது. கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். ஆகவே கம்ப்யூட்டரின் கடிகாரத்தையே பின்னுக்குத் தள்ளி, இரண்டே நாளில் மூன்று மாத வேலையை முடித்திருந்தாள்.

"நேத்து காலையில பொங்கலு, சாயங்காலம் சிவராத்திரி. உன் பொட்டியில நாளு ஜோரா ஓடுதும்மா" என்று கோவிந்தப்பன் சிரித்துவிட்டுப் போனார்.

திம்மப்பன் கம்பெனி பெயர், மானேஜர் பெயர், மெஷின் எண் எல்லாவற்றையும் தாளில் நிரப்பினார். தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். அவள் புரோகிராமாக இருந்தால் தேதியைத் தானே போட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு திரையில் ஓடிய பட்டியலை வரிவரியாகப் பார்த்தார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் ராஜப்பனிடம். ராஜப்பன் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே போனார்.

"இந்த டைமெல்லாம் யாரும்மா போட்டது?"

"கம்ப்யூட்டரே போட்டுக்கும் சார்."

"ஹௌதா, அப்படியா? கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னது?"

பொய்யை எண்ணாகத் தட்டத்தான் முனிலட்சுமிக்கு வந்தது. வாயால் சொல்ல வரவில்லை.

"நான்தான் சார். கடிகாரத்தைத் தள்ளி வெச்சேன். எனக்கு இன்னும் வேலை பர்மனென்ட் ஆகல சார், வெளிய சொல்லிடாதீங்க."

திம்மப்பன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிரிண்ட் எடுத்தா, தாள்லயும் அந்தப் பழைய தேதியே விழுமா?"

"விழும் சார்."

"உன் வேலை எங்கயும் போகாது. கடிகாரத்த மார்ச் இருபதுக்குத் தள்ளி ஒண்ணு எடும்மா."

அவள் விழித்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஆபீஸ் கணக்குல நான் அன்னைக்கே இங்க வந்துட்டுப் போயிட்டேன்."